ரேக் இல்லாத குதிரைலாடப் பை: ஹிமாலயன் 450-இல் கூடாரமும் கேமராவும்

இமாச்சலப் பிரதேசத்தில் கிராம்ஃபுவில் பிரிந்து பாட்டல், குன்சும் கணவாய் வழியாக லோசர் இறங்கும் பாதையில் ஆற்றுக்கல், சேறு, சாலையை அறுத்துக்கொண்டு ஓடும் பனிநீர் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு பைக்கில் கூடாரமும் கேமராவும் கட்டிக்கொண்டு போகத் திட்டமிடுபவர்கள் பை வாங்கும்போது முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்றுதான். அதைவிட முக்கியம், எடை பின்சக்கர அச்சுக்கு முன்னால் உட்காருமா, பின்னால் தொங்குமா என்பது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். ஏற்றத்தில் ஹேண்டில் லேசாகிவிடும், மணலில் வால் தன் இஷ்டத்துக்கு ஆடும். இந்தக் கணக்கில் மற்ற எல்லா வகைகளையும் விட மேலே நிற்பது ரேக் இல்லாத குதிரைலாடப் பை. இங்கே அதை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ வைத்துப் பார்க்கலாம்.

அமைப்பு எளிது. லாட வடிவத்தில் ஒரே பை. வளைவு பின்னிருக்கையின் மேல் உட்காரும், இரண்டு கால்களும் பக்கவாட்டில் தொங்கும். நான்கு ஸ்ட்ராப்கள், இருக்கையைத் தாங்கும் பின்சட்டமான சப்ஃப்ரேமிலும் பின் ஃபுட்பெக் பிராக்கெட்டிலும் இழுத்துப் பிடிக்கும். பையைத் தாங்கும் சட்டமான இரும்பு ரேக் தேவையே இல்லை. அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் பெண்ட் நகரைச் சேர்ந்த ஜயன்ட் லூப்பின் 39 லிட்டர் கொயோட்டி இந்த வடிவத்துக்கு நல்ல உதாரணம். வாஷிங்டன் மாநிலத்தின் மோஸ்கோ மோட்டோ செய்யும் ரெக்லஸ் 80 இதற்கு நெருங்கிய உறவு. அதில் ஒரே பைக்குப் பதிலாக ஒரு சேணமும் அதில் மாட்டும் தனித்தனிப் பைகளும் இருக்கும். இறக்குமதிப் பையின் விலையில் வரியும் கூரியர் செலவும் சேரும். இந்திய நிறுவனங்களின் மென்பைகளைப் பார்க்கும்போதும் கீழே சொல்லும் அதே சோதனைகளைச் செய்து பார்த்து வாங்கலாம்.

அலுமினியப் பெட்டி ஏன் வேண்டாம்? இரண்டு பெட்டியும் ரேக்கும் சேர்ந்தாலே, உள்ளே ஒன்றும் வைக்காமல், 15 கிலோவைத் தாண்டிவிடும். மென்பை 3 முதல் 5 கிலோவுக்குள் முடிந்துவிடும். 196 கிலோ வண்டியைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தும்போது இந்த 10 கிலோ வித்தியாசம் இடுப்பில் தெரியும். அதைவிடப் பெரிய காரணம் ஓட்டுபவரின் கால். கரடுமுரடான இடத்தில் பேலன்ஸ் போனதும் கால் தானாகத் தரையில் ஊன்றும். வண்டி முன்னே நகர்ந்துகொண்டே இருப்பதால் பின்னால் வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலைத் தட்டும், கீழே விழுந்தால் காலைப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே மாட்டிவிடும். மென்பை அந்த இடத்தில் நசுங்கிக் கொடுக்கும். பெட்டி ஒரு தடவை பலமாக விழுந்தால் மூடி கோணிவிடும், அதன்பின் தூசியும் தண்ணீரும் உள்ளே வர வழி கிடைத்துவிடும். ரேக்கின் வெல்டிங்கில் விரிசல் விட்டால் அதை மலையில் ஒட்டவைக்க ஆள் தேட வேண்டும். பெட்டிக்கும் அதன் இடம் உண்டு: பூட்டலாம், கேம்பில் மேஜையாகவும் நாற்காலியாகவும் உதவும். நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் ஊருக்கு ஊர் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கும் பெட்டிதான் நல்லது.

ஹிமாலயன் 450-இல் இந்தப் பையை மாட்டும்போது மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது விளக்கு. இந்த வண்டியில் நடுவில் தனியாக டெயில் லைட் கிடையாது. பின் இண்டிகேட்டர்களே டெயில் லைட்டாகவும் பிரேக் லைட்டாகவும் வேலை செய்கின்றன. பையின் கால்கள் அகலமாக இருந்தாலோ, மேலே கட்டிய கூடாரம் பின்னால் தொங்கினாலோ மூன்றும் ஒரே சமயத்தில் மறைந்துவிடும். சாமான் எல்லாம் கட்டியபின் 10 மீட்டர் பின்னால் நின்று, இன்னொருவரைப் பிரேக் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது சைலன்சர். அது வலதுபக்கம் மேல்நோக்கி ஏறுகிறது. பை சும்மா நிற்கும்போது தள்ளி இருப்பதுபோலத் தெரியும். குழியில் சஸ்பென்ஷன் அமுங்கி, பை கீழே குதித்து வரும்போது தொட்டுவிடும். வெப்பத்தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும், பைக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் நிம்மதி. இடதுபக்கம் வண்டி விழுந்தால் பை முழுவதும் நகர்ந்து பையின் வலதுகால் சைலன்சர் பக்கம் தாழ்ந்துவிடும். எழுப்பியதும் முதல் வேலை பையை நடுவுக்கு இழுப்பதுதான். மூன்றாவது பக்கத் தகடு. பைக்கும் பெயின்டுக்கும் நடுவே புகும் மண் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பை படும் இடம் முழுக்க பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டு, அதன்பின் பையை மாட்டுங்கள்.

துணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் பூச்சு குளிரில் விறைக்கும், மடிப்புகளில் வெடிக்கும். டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பூச்சு குளிரிலும் வளைந்து கொடுக்கும். ஜிப் வைத்து மேலே மழையுறை மாட்டும் பைகள் இந்தப் பாதைக்கு ஆகாது. மழையுறை காற்றில் படபடத்துக் கிழியும், அதற்குள் சேறு சேரும், கழன்றால் பின்சக்கரத்துக்குள் போகும். ஜிப்பின் பற்களில் நுண்தூசி ஏறினால் இழுக்கும் தலை சிக்கி உடையும். சுருட்டி மூடும் வாய் உள்ள பையே சரி. அதையும் மூடத் தெரிந்து மூட வேண்டும்: முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள், வாயின் இரண்டு விளிம்பையும் சுருக்கமில்லாமல் நேராகச் சேருங்கள், குறைந்தது மூன்று சுற்று சுருட்டுங்கள், பிறகு பக்கிளைப் போடுங்கள். இரண்டே சுற்று போட்டாலோ, விளிம்பு கோணலாக இருந்தாலோ, சாலையைக் கடக்கும் ஓடையான நாலாவில் இறங்கும்போது தாழத் தொங்கும் கால்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். பை அளவுக்கு மேல் திணித்தால் மூன்று சுற்றுக்கு வாய் எட்டாது. அதனால் 39 லிட்டர் என்று எழுதியிருந்தால் 33 லிட்டர் என்று எடுத்துக்கொண்டு சாமானைத் திட்டமிடுங்கள்.

அடுக்கும் முறைதான் இந்தப் பையின் உயிர். கால்களின் அடியில் கனமானவை போக வேண்டும்: ஒரு காலில் டூல்ஸ், டியூப், டயர் லிவர், காற்றடிக்கும் பம்ப்; மறு காலில் அடுப்பு, பாத்திரம், உணவு. இரண்டு காலும் ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் இருக்கட்டும், கைத்தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும். டூல்ஸை வெறுமனே போடாதீர்கள். ஸ்பேனரின் முனை உள்ளிருந்தே பையைத் துளைக்கும். கித்தான் சுருளில் கட்டி, அதன் வெளியே பழைய டியூபை அறுத்துச் சுற்றுங்கள். வளைவில் துணிமணி. அதன் மேல், உட்காருபவரின் முதுகை ஒட்டி, கூடாரம். ஸ்லீப்பிங் பேக் மிக லேசானது, அதனால் எல்லாவற்றுக்கும் பின்னால் அது மட்டும் போகலாம். கூடாரக் கம்புகளைத் தனியாகப் பிரித்துப் பைக்குள்ளேயே வையுங்கள். குறுக்கே வெளியே கட்டினால் குறுகலான இடத்தில் பாறையில் இடித்து வளையும், வளைந்த கம்பு அன்று இரவு கூடாரத்தைக் கிழிக்கும்.

தோராயக் கணக்கு: இருவர் கூடாரம் 2.3 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.4, மெத்தை 0.5, அடுப்பும் கேனும் பாத்திரமும் 0.9, துணி 4, டூல்ஸும் டியூபும் 4, உணவு 2, தண்ணீர் 3. மொத்தம் 18 கிலோ சொச்சம். கேமரா சாமான் 4 கிலோவுக்குள் அடங்கினால் பையோடு சேர்த்து 26 கிலோவில் நிற்கலாம். தனி ஆளுக்கு 30 கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்து வெளியே வையுங்கள்.

கேமராவை இந்தப் பைக்குள் வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பின்பகுதிதான் வண்டியிலேயே அதிகம் குதிக்கும் இடம், கழற்றி எடுக்கவும் நேரமாகும். முதுகுப்பையும் சரியான இடமில்லை. உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால் 4 கிலோவைச் சுமந்து ஃபுட்பெக்கில் நின்று ஓட்டினால் மதியத்துக்குள் தோள் இறங்கிவிடும், விழுந்தால் லென்ஸும் டிரைபாடும் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே வரும். முதுகில் தண்ணீர்ப் பையும் மழைக்கோட்டும் போதும்.

கேமராவுக்கு ஏற்ற இடம், பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் டேங்க் பேக். அது வண்டியின் நடுவில், இரண்டு அச்சுக்கும் இடையில் இருக்கிறது. கண் எதிரே இருக்கிறது. ஒரு பக்கிளைத் தட்டினால் கையோடு வந்துவிடும். 8 முதல் 12 லிட்டர், உயரம் குறைவாக இருக்கட்டும். நின்று ஓட்டும்போது வயிற்றில் இடிக்காததும், ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஹாரன் பட்டனை அழுத்தாததும்தான் சரியான அளவு. பெரிய டெலிஃபோட்டோ இதில் கொள்ளாது. அப்படியானால் இருக்கைக்குப் பின்னால், முதுகை ஒட்டி, கூடாரம் இருக்கும் இடத்தில் கேமராவுக்குத் தனிப்பை வைத்துக் கூடாரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்கும் பின்னால் கேமரா போகக் கூடாது.

டேங்க் பேக்கின் உள்ளே பஞ்சுத் தடுப்புகள் உள்ள கேமரா இன்சர்ட், அதைச் சுற்றிச் சுருட்டு வாய் உள்ள மெல்லிய நீர்புகாப் பை. லென்ஸைக் கழற்றிவிட்டு, கேமராவுக்கும் லென்ஸுக்கும் மூடி போட்டுத் தனித்தனி அறையில் வையுங்கள். மாட்டியபடியே வைத்தால் லென்ஸின் எடை முழுக்க மணிக்கணக்காக மவுன்ட்டில் ஆடும். மவுன்ட் திருகுகள் மெல்லத் தளரும். ஃபோமைப் பொறுத்தவரை, கேமராவைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும், விட்டதும் எழ வேண்டும். இறங்கவே இல்லையென்றால் ஃபோம் அதிர்வை அப்படியே கடத்துகிறது. ஆடினால் கேமரா சுவரில் இடிக்கிறது. நீர்புகாத கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளை மென்பைக்குள் திணிப்பவர்கள் உண்டு. பெட்டியின் மூலைகள் பையை உள்ளிருந்து தேய்த்து ஓட்டை போடும். பெட்டி வேண்டுமென்றால் அதைத் தனியாக, வெளியே கட்டுங்கள்.

சென்சாரையே அசைத்து நிலைநிறுத்தும் கேமராக்களில் சில, அணைத்தபின் குலுக்கினால் உள்ளே லேசாகத் தட்டும். அந்த மாடல்களுக்கு மென்மையான ஃபோம் இன்னும் முக்கியம். ஃபோனுக்கும் இதே கதைதான். பெரிய இன்ஜின் பைக்குகளின் ஹேண்டில் அதிர்வு ஐஃபோனின் படநிலைநிறுத்தியைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021-இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஹேண்டிலில் மாட்டுவதானால் அதிர்வு உறிஞ்சும் ரப்பர் உள்ள மவுன்ட் போடுங்கள், அல்லது வழிகாட்ட மட்டும் ஒரு பழைய ஃபோனை வையுங்கள். டிரைபாடின் தட்டுத் திருகையும் ஆக்‌ஷன் கேமராவின் கட்டைவிரல் திருகையும் தினமும் மாலையில் முறுக்கிப் பாருங்கள். ஹெல்மெட் கேமராவுக்கு ஒரு கயிறு கட்டாயம்; ஒட்டுப்பசை குளிரில் பிடிவிடும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் உட்காரும், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில் படமெடுத்துவிட்டு அப்படியே அடுப்பெரியும் தாபாவுக்குள் கேமராவைக் கொண்டுபோனால் கண்ணாடிக்குள் பனி படியும். வெளியிலேயே ஜிப்லாக் பைக்குள் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வையுங்கள். சண்டிகருக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உதிரி பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் 74 வாட்-ஹவர், 100 என்ற வரம்புக்குள்தான் வருகிறது. கேஸ் கேனை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள். அதிலும் வெறும் பியூட்டேன் கேன் குளிரில் திணறும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது கிடைத்தால் அதையே எடுங்கள்.

கூடாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட் (சுகமாகத் தூங்கும் அளவு), லிமிட் (தாங்கும் எல்லை) என்று இரண்டு வெப்பநிலை போட்டிருப்பார்கள். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். 4,200 மீட்டருக்கு மேலே உள்ள சந்திரதால் ஏரிக்கு செப்டம்பரில் போவதானால் அந்த எண் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி கிடையாது. முகாம் இடங்கள் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன.

கட்டுவதற்கு கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். குதித்துக் குதித்து அது நீளும், கொக்கி நழுவும், கயிறு செயினுக்குள் போனால் பின்சக்கரம் நின்றுவிடும். நடுவில் சிறிது இழுவையும் முனைகளில் வளையமும் உள்ள ராக் ஸ்ட்ராப், அல்லது கேம் பக்கிள் ஸ்ட்ராப் இரண்டு போதும். மிச்ச வாலைச் சுருட்டி ரப்பர் வளையத்துக்குள் செருகுங்கள். கிளம்பி 15 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஸ்லீப்பிங் பேக் அமுங்கிச் சுருங்கியிருக்கும். சேறு பட்ட பக்கிள் இறுக்கியபடி இருப்பதுபோலத் தெரிந்தாலும் வழுக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு இறுக்க வேண்டும்.

எல்லாம் ஏற்றியபின் பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தைக் கூட்டாமல் கிளம்பாதீர்கள். இந்த வண்டியின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. வரை அமுங்கும். நீங்களும் சாமானும் ஏறியபின் பின்பக்கம் சுமார் 60 முதல் 65 மி.மீ. இறங்கினால் சரி. அதற்கு மேல் இறங்கினால் பை சைலன்சரைத் தொடும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

பின்னால் ஒருவரை (பில்லியன்) ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பை சரிப்படாது, வளைவு உட்காரும் இடமே பின்னால் உட்காருபவரின் இருக்கைதான். அவர்கள் மெல்லிய ரேக் போட்டு, அதில் தனித்தனியாக மாட்டும் மென்பைகளை வாங்கலாம். சாமானைப் பாதியாகக் குறைத்து, கூடாரத்தை விட்டுவிட்டு ஸ்பிட்டியின் காசாவிலும் லோசரிலும் ஹோம்ஸ்டேயில் தங்கலாம். கேமரா அப்போதும் டேங்க் பேக்கில்தான்.