மறுவெளியீட்டுக்கு டிக்கெட் போடுகிறீர்களா? அடுத்த காட்சி நேரத்தைப் பாருங்கள்

மும்பையில் இருப்பவர்களுக்கு. புறநகர் மால் ஒன்றில் 'ஜப் வீ மெட்' மறுவெளியீடு என்று போட்டிருந்தார்கள், நானும் மனைவியும் போனோம். காட்டியது முக்கால் படம். வாங்கியது முழுக் காசு.

இம்தியாஸ் அலி இயக்கி 2007 அக்டோபரில் வந்த இந்திப் படம் இது. பரத், தமன்னா நடித்த 'கண்டேன் காதலை' இதன் ரீமேக்தான். ஷாகித், கரீனா ஜோடியைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று பாதி அரங்கு நிரம்பியிருந்தது.

ரத்லாம் ஸ்டேஷன் காட்சி வரை சந்தேகம் வரவில்லை. தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் காசு கேட்ட கடைக்காரரோடு கீத் (கரீனா) மல்லுக்கு நின்று ரயிலைக் கோட்டைவிடும் இடத்தில் நல்ல சிரிப்பு. (அதே அரங்கில் தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள்.) அப்புறம் இருவரும் தங்கும் ஓட்டல் டீசென்ட் காட்சியின் நடுவே திரை சட்டென்று கறுத்து, ஒரு நொடி கழித்து வேறு இடத்தில் தொடங்கியது. கீத்தின் பட்டிண்டா வீட்டுக் காட்சியிலும் அதே கதை. டிவியில் விளம்பரம் போட விடும் இடைவெளிகள் அவை! டிவிக்காக வெட்டிய பிரதியை எடுத்து அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். எல்லார் தலையும் நெற்றியோடு ஏன் வெட்டுப்படுகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது: டிவி அளவுப் படத்தை அகலத் திரைக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இந்தப் படத்துக்கு உயிரே அந்தப் பட்டிண்டா வீடுதான். ஊரையே உள்ளே அடைத்த மாதிரி கூட்டுக்குடும்பம், வந்திருக்கும் பையனையும் தன் பேத்தியையும் பார்த்த பார்வையிலேயே எடைபோட்டுவிடும் தாத்தா தாரா சிங். அவர் வரும் இடங்களில் பாதி காணோம். ரஷீத் கான் பாடிய 'ஆவோகே ஜப் தும்' அறவே இல்லை. சிம்லாவில் கீத் வாடிப்போயிருப்பதை மனதில் ஏற்றுவதே அந்தப் பாட்டு. அது இல்லாமல் அவள் தன்னைக் கைவிட்ட காதலன் அன்ஷுமனை போனில் திட்டித் தீர்க்கும் காட்சி வந்தால் என்ன ஒட்டும்? அந்தத் திட்டிலும் பாதி ஊமை.

மேலாளரிடம் கேட்டோம். "விநியோகஸ்தர் கொடுத்ததைத்தான் சார் போட்டோம்" என்றார். டிக்கெட் செயலியில் கேட்டால், காட்சி தொடங்கிவிட்டால் பணம் திரும்பாதாம். கன்வீனியன்ஸ் கட்டணம் எப்படியும் திரும்பாதாம். சத்தம் போட்ட பிறகு ஒரு கூப்பன் நீட்டினார்கள். அதே அரங்கில், ஒரு மாதத்துக்குள், வார நாளில் மட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போடுமுன் அதே திரையில் அடுத்த காட்சி எப்போது என்று பாருங்கள். இந்தப் படம் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். விளம்பரம், இடைவேளை எல்லாம் சேர்த்தால் இரண்டே முக்காலாவது வேண்டும். இங்கே காட்சி தொடங்கி இரண்டு மணி பத்து நிமிடத்திலேயே அடுத்த காட்சி வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் இருக்கும், அதையும் கவனியுங்கள். எங்கள் காட்சியில் சான்றிதழே வரவில்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. அரங்கிலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தக் காட்சி மட்டும் இந்த வாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே நேரத்தில்.