நிலைப்படியில் நின்ற கால்

எனக்குப் பார்க்கின்சன் (உடம்பின் அசைவைத் தடுமாற வைக்கும் மூளை நோய்) என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு அப்புறம் இந்த முறைதான் ஐந்து வாரம் சேர்ந்தாற்போல் ஊரில் தங்கினேன். கிளம்பும் முன்பே அக்காவிடம் சொல்லிவிட்டேன்: சொந்தக்காரர்களை மெதுவாகப் பார்க்கலாம், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டையும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டையும் விசாரித்து வை என்று. இதே நோயோடு ஊருக்குப் போக யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவட்டும்.

முதலில் பயணம். நான் சாப்பிடுவது லெவோடோபா, இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் டோபமைனை ஈடுகட்டும் மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு வேளை. வேளை தப்பினால் அரை மணி நேரத்தில் உடம்பு கட்டையாகிவிடும். நேர வித்தியாசம் உள்ள பயணத்தில் கடிகாரத்தைப் பார்த்தால் குழப்பம்தான். அதனால் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்பதை மட்டும் டாக்டரிடம் எழுதி வாங்கி, கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டேன். மாத்திரை எல்லாம் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. இன்னொன்று, புரதம். அதுவும் இந்த மருந்தும் குடலிலும் மூளையிலும் ஒரே வாசலுக்குப் போட்டி போடுகின்றன. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுவிடுவேன். விமானத்தில் தட்டு வரும் வரை காத்திருக்கவில்லை.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் குரல். இரண்டு மூன்று வருடமாகவே வாரக் கடைசியில் போன் பேசும்போது, "சத்தமா பேசுடா, காதுல விழல" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். லைன் சரியில்லை என்று நினைத்திருந்தேன். பார்க்கின்சன் வந்தவர்களுக்குக் குரல் தணிந்துபோவது வழக்கம். ஆனால் தணிந்தது நமக்கே தெரியாது, சரியாகத்தான் பேசுகிறோம் என்று தோன்றும். இதற்கென்றே எல்எஸ்விடி லவுட் என்ற பயிற்சி இருக்கிறது. வாரத்துக்கு நாலு நாள், ஒரு மணி நேரம், நாலு வாரம், ஆக 16 வகுப்பு. நான் இருக்கும் நாட்டில் அதைத் தொடங்கிப் பாதியில் விட்டவன் நான். அங்கே எல்லாம் வேறு மொழி. இங்கே ஊரில் ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா முதல் நாளே, "தினமும் வீட்டில் சொல்லும் பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வாங்க" என்றார். நானும் எழுதினேன். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடு." "யார் வந்திருக்கா?" "மாத்திரை போட்டாச்சு." இப்படிப் பத்து. மேசையில் ஒலி அளக்கும் சின்னக் கருவியை வைத்துவிட்டு, மூச்சை இழுத்து 'ஆ' என்று முடிந்த மட்டும் நீட்டச் சொன்னார். அப்புறம் அதே சத்தத்தில் அந்தப் பத்து வாக்கியம். கத்துகிறேனே என்று எனக்குக் கூச்சம். கருவியைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் அளவுதான் அது. மூன்றாவது வாரம் அடுத்த அறையிலிருந்து தண்ணீர் கேட்டேன். அக்கா மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். தாய்மொழியில் ஸ்பீச் தெரபி எடுக்க வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வந்தார். என் பெரிய தொல்லை வாசல். நன்றாக நடந்துகொண்டே வருவேன், நிலைப்படியைக் கண்டதும் பசை போட்டு ஒட்டியது போலக் கால் நின்றுவிடும். அக்கா பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பாள். அவர் அவளை நிறுத்தினார். "இழுக்காதீங்கம்மா. உடம்பு முன்னால வரும், கால் வராது, விழுந்துடுவார்." நின்றுவிட்டால் அப்படியே நின்று, ஒரு மூச்சு விட்டு, எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி ஆடிவிட்டுப் பிறகு பெரிய எட்டாக வைக்க வேண்டும். அதோடு வாசலுக்கு முன் தரையில் மஞ்சள் டேப்பைப் பட்டை பட்டையாகக் குறுக்கே ஒட்டினார். பழகிய நடையைத் தானாக ஓட்டும் பகுதிதான் இந்த நோயில் மூளைக்குள் தடுமாறுகிறது. கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்து அதைத் தாண்டும்போது மூளை வேறு வழியில் வேலையை முடித்துக்கொள்கிறது. வெறும் தரையில் நிற்கிற அதே கால், கோட்டைக் கண்டதும் தாண்டிவிட்டது. நானே இரண்டு மூன்று தடவை திரும்பிப் போய் நடந்து பார்த்தேன்.

உடற்பயிற்சி என்றால் அவருக்கு மூச்சு வாங்க வேண்டும். ஆற அமர நடந்தால் போதாது என்பார். அதில் நியாயம் இருக்கிறது. 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நோய் புதிதாகத் தெரிந்த 128 பேரைச் சேர்த்தார்கள். அதிகபட்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் எட்டும்படி ட்ரெட்மில்லில் பயிற்சி செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அறிகுறிகள் ஏறக்குறைய அதே அளவில் நின்றன. வழக்கம் போல் இருந்தவர்களுக்குக் கூடின. ஆனால் இதயத்தைப் பரிசோதிக்காமல் இதில் இறங்கக் கூடாது. எனக்கு ஈசிஜி பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்.

தாய் சீ என்ற, மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி வகுப்புக்கும் சில நாள் போனேன். சமநிலைக்கு நல்லது. விழுவது குறைகிறது என்று 2012-இல் 195 பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. அக்குபங்சரில் தோள் வலி கொஞ்சம் விட்டது, நடை மாறவில்லை. மசாஜும் அப்படித்தான், அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது.

மனம் நொந்தது ஒரே இடத்தில். அக்கா யாரோ சொன்னதை நம்பி ஒரு மையத்துக்கு அழைத்துப் போனாள். பெயர் வேண்டாம். பொடி ஒன்றைக் கொடுத்து, இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார்கள். என்ன பொடி என்று கேட்டதற்கு, மூலிகைதான், கெடுதல் இல்லை என்று பதில். மாத்திரையை நான் நிறுத்தவில்லை, ஆனால் பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நாலாம் நாள் என் கழுத்தும் தோளும் தன்னால் நெளிய ஆரம்பித்தன. நியூரோ டாக்டர் கேட்ட பிறகு, போன் போட்டு வற்புறுத்தியதும் பூனைக்காலி விதை என்றார்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான். எவ்வளவு இருக்கிறது என்பது பொடிக்குப் பொடி மாறும். எனக்கு மருந்தின் அளவு கூடிப்போயிருந்தது. பூனைக்காலியை நான் குறை சொல்லவில்லை. என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்ததுதான் தவறு. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. கடுங்காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே வினையாகலாம். எந்த மாற்று மருத்துவமாக இருந்தாலும் முதலில் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம். வயிறு கெட்டு ஒரு நாள் வாந்தி. போன கிளினிக்கில் மெட்டோகுளோப்ரமைடு ஊசியை எடுத்துவிட்டார்கள். அது டோபமைனைத் தடுக்கும், நமக்கு ஆகவே ஆகாது. என் பர்ஸில் இருந்த அட்டையைக் காட்டியதும் நல்லவேளையாக மாற்றினார்கள். ஆகாத மருந்துகளின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கூட வருபவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக இங்கே சமையலறை வாசலில் மஞ்சள் டேப் ஒட்டினேன். வீடியோ காலில் ஊரில் இருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பட்டைக்குப் பட்டை இன்னும் நாலு விரல் தள்ளி ஒட்டுங்க சார், உங்க எட்டு அதைவிடப் பெருசு" என்றார்.