பிரகாரமா, தூக்குப்பாலமா?

2007 ஜூலை 7 அன்று லிஸ்பன் நகரில் புதிய ஏழு உலக அதிசயங்களை அறிவித்தார்கள். பாம்பன் டீக்கடையில் உட்கார்ந்து தாஜ்மகாலுக்கு எஸ்எம்எஸ் தட்டியவர்களில் நானும் ஒருவன். தாஜ்மகால் வென்றதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஓட்டை எண்ணி ஒரு கட்டடத்தின் பெருமையை அளக்க முடியுமா? யுனெஸ்கோகூட அந்தத் தேர்வுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது.

நான் கேட்பது இதுதான்: எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அதை அது செய்ததா, எத்தனை காலம் செய்தது?

தாஜ்மகால் இதில் தேறுகிறது. மும்தாஜ் இன்னும் அங்கேதான் உறங்குகிறார். சீனப் பெருஞ்சுவர் சறுக்குகிறது. 1644-ல் அதன் ஷான்ஹாய் கணவாயைக் காத்த தளபதியே வாசலைத் திறந்துவிட, வடக்கிலிருந்து படையெடுத்த மஞ்சூக்கள் உள்ளே வந்தார்கள். கீசாவின் பெரிய பிரமிடுக்குள் மன்னன் கூஃபுவின் உடல் இல்லை, வெறும் கல்பெட்டிதான் இருக்கிறது. ஆனாலும் சுமார் 3,800 ஆண்டுகள் மனிதன் கட்டியதில் அதைவிட உயரமானது எதுவும் இல்லை. அதற்காக அதை வணங்கலாம். ரியோவின் கிறிஸ்து சிலை அழகு. 1931-ல் எழுந்தது, காலம் போகட்டும், பார்ப்போம்.

எங்கள் கரையில் போட்டி இரண்டுக்கு இடையில்தான்: பாம்பன் ரயில் தூக்குப்பாலம், ராமேசுவரம் கோயில் பிரகாரம்.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல் நீளம். கப்பல் வந்தால் ஆட்கள் கையால் விசையைச் சுற்ற, நடுவிலிருந்த ஷெர்ஸர் வகைத் தூக்கு, அதாவது பாலத்தின் திறக்கும் பகுதி, இரண்டு பக்கமும் பிரிந்து எழுந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அங்கே போன ரயிலையும் கொண்டுபோன இரவில், பாலத்தின் கர்டர்களில் (இரும்பு உத்தரங்களில்) பெரும்பாலானவை கடலுக்குள் போயின. தூக்கு மட்டும் அப்படியே நின்றது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை மீட்டார்கள். நாங்கள் எஸ்எம்எஸ் அனுப்பிய அதே 2007-ல் மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றி, அதன்மேல் பெரிய ரயிலையும் விட்டார்கள். ஆனால் உப்புக்காற்று இரும்பை விடாது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் வந்துவிட்டது; அதன் 72.5 மீட்டர் தூக்கு மோட்டாரில் நேராக மேலே ஏறுகிறது.

ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி எழுப்பினார். தூண்கள் 1,212. எங்கள் தீவைத் தோண்டினால் மணலும் பவளப்பாறையும்தான் வரும், கருங்கல் கிடையாது. பாலமும் இல்லாத காலம் அது. அத்தனை கல்லும் தோணியில்தான் வந்திருக்க வேண்டும். வாடைக்காற்றில் பாம்பன் கால்வாயைக் கடந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். மதுரைத் தூண்களின் சிற்ப நுணுக்கம் இங்கே கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தூணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏமாற்றமே. விடியற்காலையில் கூட்டம் சேரும் முன் ஒரு மூலையில் நின்று பாருங்கள். இரண்டு வரிசைத் தூணும் போய்ப் போய் ஒரு புள்ளியில் சேரும். அந்த நீளம்தான் இங்கே சிற்பம்.

அக்கா மகன் விடுவதாயில்லை. "மாமா, பாலம் நம்ம ஊரு. அதுக்குத்தானே நீங்க ஓட்டுப் போடணும்?"

"பாலம் நூத்தியெட்டு வருஷம் ஓடுச்சு மாப்ள. இருபத்திரண்டு தீர்த்தத்துலயும் குளிச்சவங்க ஈரத்துணியோட இன்னிக்கும் அந்தப் பிரகாரத்துலதான் நடக்குறாங்க."

"அப்ப பாலத்த ரெண்டாவதா வைங்க."

"வச்சாச்சு. அந்தப் புயல்ல தூக்கு நின்னுச்சுல்ல, அதுக்காக பெருஞ்சுவருக்கு மேலயே வச்சிருக்கேன்."