போலோவுக்கு எந்த சஸ்பென்ஷன்: தாழ்த்தும் ஸ்பிரிங், கொயிலோவர், இணைந்த கிட்

என்னிடம் இருப்பது 2020 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), மேனுவல் கியர், 110 குதிரைத்திறன். ஆண்டில் நான்கைந்து நாட்கள் செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும். மற்ற நாட்களில் கோவை நகரச் சாலைகளில் அலுவலகத்துக்கும், மாதம் ஒருமுறை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் போய்வரும். இந்த ஒரே காரில் தாழ்த்தும் ஸ்பிரிங், கொயிலோவர் (மரையிட்ட உடலில் ஸ்பிரிங்கின் உயரத்தை மாற்றக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் தொகுதி), இணைந்த கிட் என மூன்று வகை சஸ்பென்ஷனையும் சொந்தச் செலவில் மாட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது பில்ஸ்டைன் பி8 ஷாக் அப்சார்பரும் ஐபாக் ப்ரோ-கிட் ஸ்பிரிங்கும் பி12 என்ற பெயரில் ஒன்றாக விற்கப்படும் கிட். என் சாய்வு அதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி ஷாக்குகளை அப்படியே விட்டுவிட்டுத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டுவது செலவு குறைந்த வழி. கார் பார்ப்பதற்கு அழகாகிவிடும் என்பதைத் தவிர அதற்காகச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. கடினமான ஸ்பிரிங் அமுங்கியபின் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கம்பெனி ஷாக்கில் பிடிமானம் இருக்காது என்பதால், பாலத்தின் இணைப்பு ஒன்றைத் தாண்டியதும் கார் இரண்டு முறை துள்ளி அடங்கும். அதைவிடப் பெரிய குறை, கார் தாழ்ந்த அளவுக்கு ஷாக்கின் அமுங்கும் தூரமும் குறைந்துவிடுவதுதான். வளைவின் நடுவில் வெளிப்புற முன் சக்கரம், அமுங்கலை முடிவில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் போய் உட்கார, அந்தக் கணத்தில் முன்பக்கம் திடீரென்று இறுகிப் பிடியை விட்டுவிடுகிறது. ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் நம் ஊர் போலோவுக்கு ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே விற்ற போலோ நம் சாலைகளுக்காக உயர்த்தப்பட்டது. ஐரோப்பியக் காரை அளவாகக் கொண்டு எழுதப்பட்ட தாழ்வு இங்கே அப்படியே பொருந்தாது. சுமார் 30 மில்லிமீட்டர் இறங்கும் என்று எதிர்பார்த்த என் காரின் முன்பக்கம், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தபோது, 38 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இதற்கு மேல் இறக்குவதில் லாபமும் இல்லை. போலோவின் முன்பக்கத்திலுள்ள மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்பது), சக்கரத்தை அடியில் காரோடு இணைக்கும் கையான லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை உட்பக்க முனையைவிடத் தாழ்ந்து சரிந்திருக்க வேண்டும். காரை அளவுக்கு மீறி இறக்கினால் அந்தச் சரிவு மறைந்து, பின்னர் தலைகீழாகவும் மாறிவிடும். அப்போது காரின் எடை மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர் (வளைவில் காரின் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) அதிகமாக இறங்குவதால், தாழ்ந்த கார் முன்னைவிடக் கூடுதலாகச் சாயப் பார்க்கும், சாயும்போது டயரின் வெளித்தோள் மட்டுமே தரையைத் தேய்க்கும். தரையை ஒட்டிப் போகும் காரெல்லாம் வளைவில் நன்றாகத் திரும்பும் என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது.

கொயிலோவரின் சிறப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவை: உயரத்தை மாற்றலாம், சிலவற்றில் ஷாக்கின் இறுக்கத்தையும் மாற்றலாம், கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்து நிற்கும் கோணத்தை, மாற்றும் பிளேட்டோடு வருபவையும் உண்டு. நான் வாங்கிய கொயிலோவரில் (பெயர் வேண்டாம்) ஷாக்கின் இறுக்கத்துக்கு முப்பது படிகள் இருந்தன. இரண்டாண்டுகளில் நான் உண்மையாகப் பயன்படுத்தியவை சாலைக்கு ஒன்று, ட்ராக்குக்கு ஒன்று என இரண்டே படிகள். உயரத்தை மாற்றியதும் மொத்தம் இரண்டு முறைதான். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி எடைத்தராசு வைத்துக் குறுக்கு எடையை (எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் தாங்கும் எடை) சமன்செய்யத் தெரிந்தவருக்குத்தான் உயர மாற்றம் கருவியாகப் பயன்படும். தராசு இல்லாத எனக்கு அது பெட்டிமேல் அச்சிட்ட ஒரு வசதியாகவே இருந்தது.

பயன்படுத்தாத வசதி சும்மா இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, கொயிலோவரில் அதற்கும் பராமரிப்பு தேவைப்படுகிறது. உயரத்தை மாற்ற உதவும் மரை முழுவதும் சக்கரத்துக்குப் பின்னால், சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் திறந்து கிடக்கிறது. ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுக்க வால்பாறைக்குப் போய்வந்தபின், முன்பக்க மரை வளையத்தை சி ஸ்பானரால் அசைக்கவே முடியவில்லை. மண் புகுந்து காய்ந்து, அலுமினிய வளையமும் இரும்பு உடலும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டுவிட்டன. எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துத் தட்டிக் கழற்றியதில் மரையின் நான்கு சுற்றுகள் சிதைந்தன. போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்கு பீம்) என்பதால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் அங்கே தனித்தனியாக நிற்கின்றன. உயரம் மாற்றும் மரை, ஸ்பிரிங்கோடு சேர்ந்து மண் தேங்கும் இடத்தில் இருக்கிறது. அதைக் கழுவ ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மழைக்காலம் முடியும்போதெல்லாம் மரையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிடிக்காமலிருக்கும் பசையைத் தடவி, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் பழைய குறிக்கே கொண்டுவருவதுதான் முறை. அப்படிச் செய்பவர்களின் கொயிலோவர் நெடுநாள் நன்றாகவே இருக்கும். நான் முதல் ஆண்டு செய்தேன், இரண்டாம் ஆண்டு செய்யவில்லை.

அதன்பின் வலது முன் ஷாக்கில் எண்ணெய் கசிந்தது. சீலை மாற்றி, எண்ணெயும் வாயுவும் நிரப்பி, இடதுபக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்துத் தரக்கூடிய பட்டறை எனக்கு அருகில் கிடைக்கவில்லை. ஒற்றை ஷாக்காகவும் விற்க மறுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஜோடியாகத்தான் வர வேண்டும் என்றார்கள். மேல்மவுண்டில் ரப்பருக்குப் பதிலாக இருந்த உலோகக் குண்டு மூட்டும் அதற்குள் ஒவ்வொரு குழிக்கும் ‘டக்’ என்று சத்தமிடத் தொடங்கியிருந்தது. கழற்றிய கொயிலோவரை, மரையின் நிலையைப் பார்த்துவிட்டு, வாங்கவும் யாரும் முன்வரவில்லை.

பி12 கிட்டில் மாற்றுவதற்கென்று எதுவுமே இல்லை. பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பின் எனக்கு அதன் முதல் தகுதியே இதுதான் என்று தோன்றுகிறது. பி8 ஷாக் தாழ்ந்த ஸ்பிரிங்குக்காகவே நீளம் குறைத்துச் செய்யப்பட்டதால் அமுங்கும் தூரம் வீணாவதில்லை. ஸ்ட்ரட் மவுண்டும் பேரிங்கும் கம்பெனிப் பாகங்களே என்பதால் தேய்ந்தால் உள்ளூர்க் கடையிலேயே வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ட்ராக்கில் என் கொயிலோவரைவிட இது வேகமானது என்று சொல்லமாட்டேன். கேம்பரைக் கூட்ட முடியாததால் முன் டயர்களின் வெளித்தோள் சீக்கிரம் தேய்கிறது. சாலையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது: கரடுமுரடான பரப்பில் ஒரே அமுங்கலில் அடங்கி, வால்பாறை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே திருப்பும்போதும் மூக்கு அமைதியாக இருக்கிறது.

வேகத்தடை பயம் பற்றி ஒரு சிறு கணக்கு. இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆர வளைவும் கொண்டதாக இருக்க வேண்டும். போலோவின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 2.47 மீட்டர் என்பதால், அப்படிப்பட்ட மேட்டின் நடுவில் கார் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும்; வயிற்றுக்குக் கீழே தேவைப்படும் இடைவெளி நாலரை செ.மீ.தான். ஆக, விதிப்படி போட்ட வேகத்தடை எதுவும் என் காரை உரசாது. உரசுவதெல்லாம் தெருக்காரர்கள் தாங்களே சிமென்ட் குழைத்துக் கட்டிய முதுகெலும்புகள். அவற்றை நான்கு பேர் ஏறிய காரோடு குறுக்காகத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

கொயிலோவர் எல்லாமே இப்படித்தான் என்று முடிவுகட்டவும் கூடாது. கேடபிள்யூ (KW) நிறுவனத்தின் தயாரிப்புகளில் துருப்பிடிக்காத எஃகு உடல் உண்டு. மரை பிடித்துக்கொள்ளும் தொல்லை அதில் குறைவாகவே இருக்க வேண்டும். ஆனால் அதன் வி3 கிட் போட்ட ஒரு காரை நான் ஓட்டியது ஒரு பிற்பகல் மட்டுமே, அதுவும் உலர்ந்த சாலையில். மாதம் இருமுறை ட்ராக்குக்குப் போய், டயரையும் கேம்பரையும் நாளுக்கு நாள் மாற்றி, சக்கரத்தைத் தானே கழற்றிக் கழுவுபவர் என் பேச்சைக் கேட்காமல் கொயிலோவரையே வாங்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. ஆகவே எந்தக் கிட் போட்டாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது; பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வழக்கமான பாலிசி பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும். மாட்டும் மெக்கானிக்கிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: லோயர் ஆர்ம், பின் பீம் ஆகியவற்றின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைக் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுக்காமல், சக்கரங்கள் தரையில் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் புதிய உயரத்தில் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சில மாதங்களில் கிழியும். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளும் ஷாக்குகளும் இடது, வலது என்று எழுதி ஒட்டப்பட்டு என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. இங்கே 2022-லேயே விற்பனை நின்றுபோன காரை மூல நிலையில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விற்கும் நாளில் ஒரு பகல் வேலையில் அவை திரும்பக் காரில் ஏறிவிடும், பி12 கிட் தனியாக விலைபோகும்.