கூகுள் லென்ஸ்: ஏஐ சேலையைப் பிடிக்குமா?

‘மருதமுனைக் கைத்தறி’ என்று முகநூலில் ஒரு சேலை. கரையெல்லாம் பொன் நிறம், பின்னால் வாவி, விலையோ நம்ப ஏலாத மலிவு. அந்தச் சேலையை எந்தத் தறியும் நெய்யவில்லை, ஏஐ வரைந்தது என்று கண்டுபிடிக்க, அனேகமாக எல்லா அன்ட்ரொயிட் போனிலும் சும்மா கிடக்கும், படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் போதுமா? பாதி வேலைக்குப் போதும். மற்றப் பாதிக்கு அதை நம்பினால் காசு போகும்.

படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கூகுள் அப்பைத் திறந்து, தேடும் பெட்டியில் உள்ள கமரா அடையாளத்தைத் தட்டி, கலரியிலிருந்து அந்தப் படத்தைத் தெரிவு செய்யுங்கள். பலர் பிழை விடுவது இதற்குப் பிறகுதான். பேஜின் பெயர், லைக், கொமென்ட் எல்லாவற்றோடும் படத்தைக் கொடுத்தால் லென்ஸ் அந்த எழுத்துகளையும் சேர்த்துத் தேடிக் குழம்பும். படத்தைச் சுற்றி வரும் சட்டத்தின் மூலைகளை இழுத்துப் படத்தை மட்டும் உள்ளே அடக்க வேண்டும். ஒரு தடவையோடு விடாமல் முதலில் முழுப் படம், பிறகு கரை மட்டும், பிறகு பின்னணி மட்டும் என்று தேடுங்கள். படத்தை இடம் வலமாகப் புரட்டியும் ஒருமுறை பாருங்கள். களவெடுத்த படத்தைப் புரட்டிப் போடுவது பழைய வித்தை.

முதலில் வந்து விழுவதெல்லாம் ‘இதைப் போன்ற’ சேலைகள். அவை ஆதாரமல்ல, விற்பனைச் சரக்கு. அச்சொட்டாக ஒத்த படங்களைக் காட்டும் பகுதிக்குப் போக வேண்டும். ‘இந்தப் படத்தைப் பற்றி’ என்ற விவரமும் இருந்தால், கூகுள் அதை முதலில் எப்போது கண்டது, வேறு எந்தத் தளங்களில் கிடக்கிறது என்பதும் தெரியும். இந்தியக் கடையொன்றின் படத்தைச் சுட்டுப் போட்டிருந்தால் லென்ஸ் கெதியாகக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலையில் அது திறம்.

நேற்று இரவு ஏஐயில் செய்த படத்துக்கு மூலம் எங்கும் இல்லை. லென்ஸ் ஒன்றும் காட்டாது. ‘வேறெங்கும் இல்லை, அப்ப ஒரிஜினல்தான்’ என்று நினைத்துப் பலர் ஓடர் போடுவது இந்த இடத்தில்தான். வெறும் முடிவு எதையும் நிரூபிக்காது. அதைப் பயனருக்கு விளக்கிச் சொல்லாதது லென்ஸின் பெரிய குறை.

அதற்குமேல் கண்தான் வேலை செய்ய வேண்டும். ஆறு விரல் தேடும் காலம் போய்விட்டது. புதிய கருவிகள் கையை ஒழுங்காக வரைகின்றன. சேலையென்றால் மடிப்பைப் பாருங்கள். மடிப்புக்குள் போன கரை மறுபக்கம் வரும்போது அதே அகலத்தில், அதே பூவோடு வர வேண்டும். ஏஐ படத்தில் பூ நடுவில் மாறும், கோடு ஒன்று குறையும். தெருப் படமென்றால் பின்னணியில் உள்ள சின்னப் பெயர்ப்பலகைகளைப் பெரிதாக்குங்கள்: ஆங்கிலம் சுத்தமாக இருக்க, தமிழில் கொம்பும் புள்ளியும் இடம் மாறிக் கிடக்கும். நம் இலங்கை வாகனங்களுக்கு முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். இது பல ஏஐ படங்களுக்குத் தெரியாது.

ஊர்ப் படங்களில் லென்ஸைவிட ஊரறிவு கெதி. 1978 நவம்பர் 23 சூறாவளி என்று சொல்லி வட்ஸ்அப் குறூப்பில் வரும் மட்டக்களப்புக் கல்லடிப் படத்தில் இரண்டு பாலம் தெரிந்தால் மேலே தேட வேண்டாம். பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள புதியது 2013இல் திறந்தது.

லென்ஸுக்குத் துணையாகக் கூகுளின் ஏஐ அப்பான ஜெமினியை வைத்திருக்கலாம். படத்தைப் போட்டு ‘இது கூகுள் ஏஐயால் உருவானதா’ என்று கேட்டால், படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்த சின்த்ஐடி முத்திரையைத் தேடும். வெட்டினாலும் ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலும் அனேகமாக அந்த முத்திரை அழியாது. ஆனால் பெரும்பாலும் கூகுளின் கருவியில் செய்த படத்துக்குத்தான் அது இருக்கும். மிட்ஜேர்னி போன்ற வேறு நிறுவனத்தின் ஏஐ கருவியில் செய்ததென்றால் முத்திரை இல்லை என்றுதான் பதில் வரும். அதை ‘உண்மைப் படம்’ என்று வாசிக்கக் கூடாது. ஜெமினி தன் படங்களின் மூலையில் போடும் சின்ன நட்சத்திர அடையாளத்தை வெட்டிவிட எவருக்கும் ஒரு நொடி போதும், ஆகவே அது இல்லாததும் ஒன்றையும் சொல்லாது.

2008இல் தொடங்கிய, படத்தை வைத்துத் தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் மிகப் பழைய பிரதியை முதலில் காட்டும்படி அடுக்கலாம். பழைய செய்திப் படத்தைப் புதிய வெள்ளம் என்று போட்டால் இதுதான் நல்ல கருவி. ஏஐ படத்துக்கு இதுவும் லென்ஸைப்போல் கைவிரிக்கும்.

‘92 வீதம் ஏஐ’ என்று எண் சொல்லும் இலவசத் தளங்களுக்கு மினக்கெட வேண்டாம். வட்ஸ்அப்பில் பலமுறை கைமாறி நசுங்கிய உண்மைப் படத்தையும், போன் கமரா மெழுகிவிட்ட முகத்தையும் அவை ஏஐ என்று சொல்லும். சில கருவிகள் படக் கோப்பிலேயே ‘இதை ஏஐ செய்தது’ என்ற குறிப்பை எழுதிவைக்கின்றன. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அழிந்துவிடும். சோதிக்க வேண்டுமென்றால் மூலக் கோப்பை டொகியுமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவர் அனுப்பமாட்டார் என்பது வேறு கதை.

மதிப்பெண்: களவெடுத்த படத்துக்கு லென்ஸ் 5க்கு 4, புதிதாகச் செய்த ஏஐ படத்துக்கு 5க்கு 1. சேலை வாங்குகிறவர் அந்த இடைவெளியை வீடியோவால் நிரப்பலாம். முந்தானையை விரித்து, மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டி, ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்த பத்து நொடி வீடியோ கேளுங்கள். சேலை கையில் இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. ‘ஸ்டொக் கொழும்பில, பிறகு அனுப்புறன் அக்கா’ என்று வந்தால் காசை வைத்திருங்கள்.