தூங்குகிறவர்களுக்கான மின்விசிறி

பிஎல்டிசி மின்விசிறி, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த ரிமோட் விசிறி, வாங்கலாமா என்று மைத்துனர் கேட்டிருக்கிறார். ஐப்பசி இடியில் போன, மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றி எங்கள் படுக்கையறையின் பிஎல்டிசி விசிறி இப்போதுதான் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது என்பதால், அவருக்குத் தொலைபேசியில் விளக்க முடியாததை எழுத்தில் வைக்கிறேன். நெடுநாளாகத் தூக்கம் சரியாக வராத ஒருவன் எழுதுவது இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

மின்சாரக் கணக்கில் இந்த விசிறியைக் குறை சொல்ல இடமில்லை. முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும் பழைய விசிறியின் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி ஓடுகிறது. இரவுக்கு 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதக் கணக்கில் 27 யூனிட் மிச்சமாகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபின், மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்தவர்களுக்கு இன்வெர்ட்டரின் அருமை தெரியும். அந்த இன்வெர்ட்டரில் பழைய விசிறி எவ்வளவு நேரம் ஓடுமோ அதைப்போல இரு மடங்கு நேரம் இது ஓடுகிறது. மழைக்காலத்தில் தெருவே மின்சாரமின்றிக் கிடக்கும்போது எங்கள் அறையில் மட்டும் விடியும்வரை காற்று வருவதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

குறை, ரிமோட்டில் பிறைநிலா படம் போட்டிருக்கும் பொத்தானில் இருக்கிறது. அதை அழுத்தினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படி என்று வேகம் தானாகக் குறைந்துகொண்டே வரும். அதற்குக் காரணமும் உண்டு. தூக்கத்தில் உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்கி, வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. படுக்கும்போது இதமாக இருந்த காற்று அந்நேரத்தில் குளிராகத் தெரியும். எழுந்துபோய் விசிறியைக் குறைக்கும் வேலையை அந்தப் பொத்தான் மிச்சப்படுத்துகிறது. மார்கழி, தை மாதங்களில் என் மனைவிக்கு இது பெரிய வசதி. அவர் பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் கண் திறப்பார்.

ஆனால் அழுத்திய கணமே ஆள் தூங்கிவிட்டான் என்று அந்தப் பொத்தான் முடிவு செய்துவிடுகிறது. வாரத்துக்கு 3 இரவாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். நான் அந்த வரையறையைக் கடந்து பல வருடங்கள் ஆகின்றன. தஞ்சாவூரில் நான் பார்த்த மருத்துவர், மாத்திரைக்கு முன் பழக்கத்தை மாற்றுங்கள் என்றார். ஏறத்தாழ 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துபோய் வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கும்போதுதான் திரும்பி வர வேண்டும், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்துச் சொன்ன முறை இது. படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிக்கொண்டதை மெல்ல மறக்கடிப்பதுதான் இதன் நோக்கம். எனக்கு இது ஓரளவு பலன் தந்திருக்கிறது. மத்தியானத் தூக்கத்தை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே நான் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கி உள்ளே வரும்போது விசிறி இரண்டு படி இறங்கியிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். நாற்று நட்டு நீர் நிற்கும் மாதங்களில் கொசுவலை இல்லாமல் படுக்க முடியாது. வலைக்குள் காற்று பாதிதான் வரும் என்பதால், மூன்றாம் எண்ணில் ஓடும் விசிறி ஓடாத விசிறிக்குச் சமம். கழுத்தில் வியர்வை ஊறத் தொடங்கும். வேகத்தைக் கூட்ட ரிமோட்டை அழுத்தினால் விசிறி ஒரு கீச்சொலி எழுப்பும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு கீச். அதை நிறுத்த வழியில்லை என்று போர்டு மாற்ற வந்தவரும் கையை விரித்துவிட்டார். இரண்டு கீச்சுக்குள் மனைவி "என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வர இருந்த தூக்கம் வந்ததே இல்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. மணி பார்க்கக்கூடாது, பார்த்தால் மிச்சமிருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டே மனம் விழித்துக்கொள்ளும் என்பதும் மருத்துவர் சொன்னதுதான். அதற்காகச் சுவர்க்கடிகாரத்தைக் கூடத்துக்கு மாற்றினேன். கைப்பேசியும் அங்கேதான் கிடக்கிறது. இப்போது விசிறி மணி சொல்கிறது. காற்று ஒரு படி தணிந்தால் பன்னிரண்டு. அடுத்தது தணிந்தால் இரண்டு. நான்காகும்போது இறக்கைகளை எண்ணிவிடலாம் போல மெதுவாகச் சுற்றும். ஒலியால் அல்ல, தோலால் நேரம் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டும் தப்ப முடியவில்லை. பிறைநிலாப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்டால் பின்னிரவில் குளிர்கிறது என்று மனைவி எழுந்து கீச்செனக் குறைப்பார்.

போர்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பழைய விசிறி என்றால் உள்ளூர் எலக்ட்ரீஷியனே கண்டன்சரை மாற்றி அன்றைக்கே ஓடவைத்துவிடுவார். இதற்கு நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை பரணில் கிடந்த பழைய விசிறியை இறக்கி, ரெகுலேட்டரோடு மாட்டியிருந்தேன். கொசுவலையைத் தூக்கிக் கையை நீட்டினால் சுவரில் குமிழ் தட்டுப்படும். ஒரு திருகு, யாரும் எழவில்லை. மின்சாரத்தைக் குடித்தது, லேசாக முனகியது. அந்த முனகலில் எதிர்வயல் மோட்டார் சத்தம் அமுங்கிப்போனது என்பதையும், புது விசிறி திரும்பி வந்த முதல் இரவில்தான் உணர்ந்தேன்.

மைத்துனருக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். தலையணையில் தலை படுமுன் குறட்டை விடுகிறவர் நீங்கள். உங்களுக்காகவே செய்த பொருள் அது. கூடத்துக்கும் மாமியார் அறைக்கும் நானே இன்னும் இரண்டு வாங்குவதாக இருக்கிறேன். படுக்கையறையில் இருப்பது மறுபடி ஓர் இடியில் போனால், பழுது பார்க்கக் கொடுக்கமாட்டேன். பழைய விசிறியைப் பரணில் ஏற்றாமல் கதவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன்.