சீமைக்கு அனுப்புவதா, மலைப்பள்ளியில் சேர்ப்பதா?

இந்தியாவில் குடித்தனம் நடத்திய பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு, பிள்ளைக்கு ஐந்தாறு வயதானதும் சீமைக்கு, அதாவது இங்கிலாந்துக்கு அனுப்புவதா, குளிர்ந்த மலை ஊர்ப் பள்ளியில் சேர்ப்பதா என்ற கேள்வி வந்துவிடும். வெயிலும் காலராவும் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் வசதியுள்ளவர்களைக் கப்பலேற்ற வைத்தது அந்தஸ்துக் கணக்குதான். ஆயாவிடம் வளரும் பிள்ளைக்கு இந்திய உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும், பெரிய உத்தியோகம் கைநழுவும் என்று அஞ்சினார்கள். உயர் அரசுப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வே 1922 வரை லண்டனில் மட்டும்தான் நடந்தது.

அந்தக் கணக்குக்குக் குழந்தை கொடுத்த விலையை எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கிடம் பார்க்கலாம். 1865-இல் பம்பாயில் பிறந்தவர். 1871-இல், ஆறு வயது நிறையும் முன்பே, மூன்று வயதுத் தங்கையோடு இங்கிலாந்தின் சவுத்சீயில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விடப்பட்டார். அங்கே அடியும் வசவும்தான். 1877-இல் தாய் வந்து, இரவில் முத்தமிடக் குனிந்தபோது, அடி விழும் என்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இதைவிடக் கடுமையான சாட்சி எனக்குத் தெரியாது. 16 வயதில் மறுபடி பம்பாயில் இறங்கியபோது, பொருள் தெரியாத இந்திய மொழி வாக்கியங்கள் அவர் வாயிலிருந்து தானாக வந்தன. ஆயாவும் வேலைக்காரர்களும் பேசிய பேச்சு அது.

கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த ஆயாக்களையும் கூட்டிப்போவார்கள். கரை சேர்ந்ததும் சிலரைக் கைவிட்டுவிடுவார்கள். இந்தியா திரும்பும் வேறொரு குடும்பம் வேலைக்கு எடுக்கும்வரை அவர்கள் காத்திருந்த விடுதி, 1900 முதல் லண்டன் ஹாக்னியில் இருந்தது.

மலையிலேயே வளர்ந்தவர், புலி வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட். 1875-இல் நைனிதாலில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, அங்கேயே படித்தார். குளிர்காலம் முழுக்க அடிவாரத்துக் காலாடூங்கியில் தாய், சகோதரிகளோடு இருந்தார். காட்டையும் ஊர்ப் பேச்சையும் கற்றது அங்கேதான். ஆனால் அவருக்குக் கிடைத்தது ரயில்வே வேலை. மொகாமா காட் என்ற கங்கைத் துறையில் சரக்கு மாற்றும் பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. இங்கேயே படித்தவர்களுக்கு ரயில்வே, தந்தி, சுங்கம் என்ற அளவில்தான் கதவு திறந்தது. 1847-இல் இமயமலைப் பகுதிச் சனாவரிலும் 1858-இல் நம் உதகையிலும் தொடங்கிய லாரன்ஸ் பள்ளிகள்கூடப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தவையே.

உத்தியோகத்தை மட்டும் பார்த்தால் சீமைப் படிப்பு ஜெயிக்கிறது. குழந்தையின் பக்கம் நின்றால் மலைப்பள்ளியைத்தான் சொல்வேன். விடுமுறைக்கு வீடு வர முடிந்தது. தாயும் பிள்ளைகளோடு சீமையிலேயே தங்கும் மூன்றாவது வழியும் இருந்தது. அதில் தந்தை பிள்ளைகளுக்குக் கடிதத்தில் மட்டும் தெரிந்தவரானார்.